ஒரு விரல் திறந்த மூடி

படுத்தாயிற்றா? தலையணையை நேராக்கிக்கொள். இன்று சாயங்காலம் சமையல் மேடையில் இருந்த, பையின் காற்றை உறிஞ்சி வாயை ஒட்டும் காற்றெடுக்கும் பெட்டியின் மூடியை நீ "டக்" என்று அழுத்திப் பூட்டினாய். உன் அம்மா ஓடிவந்து உன் கையைத் தட்டினாள். ஏன் தட்டினாள் என்று கேட்டாய் அல்லவா? அதற்கு ஒரு கதை இருக்கிறது. இடையிடையே நீ "ம்" சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உறங்கிவிட்டாய் என்று எண்ணி நிறுத்திக்கொள்வேன்.

"ம்."

ஓர் ஊரிலே, கடல் வாசற்படி வரையிலும் வந்து வந்து போகிற ஓர் ஊரிலே, சலேத் என்றொரு பெண் இருந்தாள். அவளுடைய கணவன் பெயர் பெர்க்மான்ஸ். கரைக்குத் திரும்பாமல் பல நாள் நடுக்கடலிலேயே தங்கி மீன்பிடிப்பதைத் தங்கல் என்பார்கள். அப்படிப்பட்ட தங்கல் படகிலே வலை இழுப்பவன் அவன். அகன்ற தோள், உரத்த குரல், ஓயாத கேலி. எனினும் அவனுக்கு ஒரு நோய் இருந்தது. நின்றபடியே கண் மேலே சொருகும், கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கும், பொத்தென்று விழுந்துவிடுவான். வலிப்பு நோய். மாத்திரையை நாள் தவறாமல் விழுங்கினால் அது பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடக்கும். தவறினால் தலை தூக்கும்.

அந்தக் கரையிலே வலிப்பு உள்ளவனை எந்தப் படகிலும் ஏற்றமாட்டார்கள். இரும்பைக் கையில் பிடித்திருந்தால் வலிப்பு அண்டாது என்று ஒரு சாவியைக் கொடுத்துக் கரையிலே உட்கார்த்திவிடுவார்கள். அவன் ஆயுள் முழுவதும் பிறர் வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டே காலம் கழிக்க வேண்டும்.

ஆகவே அந்த நோய் அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

"கடலுக்குப் போவாம இருந்தா நான் செத்துருவேன், சலேத்து," என்றான் அவன்.

"போனா சாவாம இருக்கணும்லா," என்றாள் அவள்.

அப்புறம் அவள் ஒரு வழி கண்டாள். மாத்திரையை அட்டையோடு கொண்டுபோனால் படகிலே நாலு கண் பார்க்கும், "என்னலே அது?" என்று நாலு வாய் கேட்கும். அட்டையைப் பிரித்து வெறும் மாத்திரையாகக் கொண்டுபோனாலோ, கடற்காற்றின் ஈரம் பட்டவுடன் அது கசிந்து கூழாகிவிடும். என்ன செய்வது? அவளுடைய தங்கை பிலோமி வெளிநாட்டிலே வீட்டுவேலை பார்த்துத் திரும்பியபோது ஒரு காற்றெடுக்கும் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். சலேத் வறுகடலையைச் சிறு சிறு பைகளிலே நிரப்பினாள். கடலைக்கு நடுவே மாத்திரைகளைப் புதைத்தாள். பையின் வாயைப் பெட்டியின் பள்ளத்திலே வைத்து மூடியை அழுத்தினாள்.

ர்ர்ர்ர்ர்... காற்று உறிஞ்சப்பட்டது. பை சுருங்கிச் சுருங்கிக் கடலையோடு தோலாக ஒட்டிக்கொண்டது. அப்போது உள்ளே இருக்கும் கம்பி சுர்ரென்று சூடேறிற்று. பையின் வாய் உருகி ஒட்டிற்று. டிங்.

மாத்திரையின் அட்டைகளை அடுப்பிலே போட்டு எரித்தாள். ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

"ம்."

படகிலே அவன் தினமும் கடலை தின்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். "பையில காத்துகூட இல்லியே மச்சான், உம் பொண்டாட்டி அதையும் எடுத்துக்கிட்டாளா?" என்று ஒருவன் கேட்டான்.

"அவ சிக்கனக்காரிலே. காத்த வீட்டுச் செலவுக்கு வச்சுக்கிட்டா," என்றான் பெர்க்மான்ஸ்.

இப்படியாகக் காலம் நகர்ந்தது. ஆனால் இயந்திரம் என்பது மாடு போன்றது. தீனி போட்டால் மட்டும் போதாது, குளிப்பாட்டவும் வேண்டும். ஒரு முறை பெட்டி "ர்ர்ர்" என்று ஓயாமல் உறுமிற்று. பையோ சுருங்கவே இல்லை. சலேத் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தாள். மூடியின் விளிம்பைச் சுற்றிக் கறுப்பாக, மெத்தென்று ஒரு ரப்பர் வளையம் ஓடுகிறதல்லவா, அதிலே கடலைத் தோலும் உப்பும் அப்பிக் கிடந்தன. அதைக் கழற்றிச் சோப்பு நீரிலே அலசி நிழலிலே உலர்த்தித் திரும்பப் பொருத்தினாள். பெட்டி சரியாயிற்று.

அப்புறம் இன்னொரு முறை, பையின் வாய் ஒட்டுவதற்குப் பதிலாகக் கருகிப் பிய்ந்துவிட்டது. சூட்டுக் கம்பியின்மேல் ஒட்டியிருந்த பழுப்பு நாடா பொசுங்கிப் போயிருந்தது. ஆறவிடாமல் அடுத்தடுத்து ஒட்டியதால் வந்த வினை. புதிய நாடா வாங்கி ஒட்டினாள். அன்று முதல் ஒரு பைக்கும் மறு பைக்கும் இடையே "அருள் நிறைந்த மரியே" செபம் ஒன்று சொல்லி முடிப்பாள்; கம்பி ஆறிவிடும்.

ஒட்டிய பைகளை ஓர் இரவு முழுவதும் அப்படியே வைத்திருப்பாள். விடிந்ததும் விரலால் அழுத்திப் பார்ப்பாள். கல்லைப் போல இருந்தால்தான் படகுக்குப் போகும். எத்தனை பை ஒட்டினாலும் அவற்றிலே ஒன்றை மட்டும் வீட்டு அலமாரியிலே நிறுத்திக்கொள்வாள். போனவன் திரும்பிவந்து அதைப் பிரித்துத் தின்ன வேண்டும். அது அவளுடைய நேர்ச்சை.

இவ்வளவு அறிந்தவள் ஒன்றை அறியவில்லை. என்ன தெரியுமா?

"தெரியாது."

அந்த ஊர்ப் பெண்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கோயிலிலே சாயங்கால மணி அடித்தால், கடலுக்குப் போனவன் வீட்டிலே எந்த வாயும் திறந்திருக்கக்கூடாது. சோற்றுப்பானை, உப்பு ஜாடி, தண்ணீர்க்குடம், அரிசிப்பெட்டி, எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும். வீட்டிலே வாய் திறந்து கிடந்தால் அங்கே படகுக்குள்ளே தண்ணீர் புகும் என்று சொல்வார்கள். சலேத் அந்த வழக்கத்தை ஒரு நாளும் மீறியதில்லை. மணி டாண் டாண் என்று அடிக்கும். இவள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருவாள். கடைசியாகக் காற்றெடுக்கும் பெட்டியின் மூடியையும் இரண்டு பக்கமும் அழுத்துவாள். டக். டக். அவன் கடலிலே இருக்கும் நாளெல்லாம் அது அப்படியே பூட்டிக் கிடக்கும்.

பூட்டிக் கிடக்கக் கிடக்க, மெத்தென்று இருந்த அந்த ரப்பர் வளையம் நசுங்கிற்று. நாளுக்கு நாள், நீ தலை வைத்துத் தூங்கும் தலையணையைப் போலவே நசுங்கிற்று. தலையணையைத் தட்டினால் எழும்பும். அது எழும்பவில்லை.

"ம்."

அப்போது புயல் எச்சரிக்கை ஒன்று வந்து எல்லாப் படகும் கரையிலே கட்டிக் கிடந்தன. ஒருவரும் எதிர்பாராத ஒரு நாள் நண்பகலிலே எச்சரிக்கை நீங்கிற்று. படகைச் செலுத்தும் தலைவனைத் தண்டல் என்பார்கள். பெர்க்மான்ஸின் படகுக்கு இன்னாசித் தண்டல். அவர் தெருமுனையிலே நின்று கூவினார்: "ஏ பெர்க்கு, ஐஸ் ஏத்தியாச்சு. பொழுது அடையுமுன்னே முகத்துவாரம் தாண்டணும். வாடே."

சலேத் அவசர அவசரமாகப் பை நிரப்பினாள். மாத்திரை புதைத்தாள். அட்டையை அடுப்பிலே போட்டாள். மூடியை அழுத்தினாள். ர்ர்ர்ர்ர்... பை சுருங்கவில்லை. வளையத்தைத் துடைத்தாள். ர்ர்ர்ர்ர்... சுருங்கவில்லை. நாடாவைத் தடவிப் பார்த்தாள்; அது நன்றாகவே இருந்தது. ர்ர்ர்ர்ர்...

"போதும் சலேத்து, மூடியக் கையால அமுக்கிப் பிடி. ஒட்டிரும்," என்றான் பெர்க்மான்ஸ்.

அவள் இரண்டு முழங்கைகளையும் மூடியின் நடுவிலே ஊன்றி உடல் பாரம் முழுவதையும் இறக்கினாள். அப்போது பை சுருங்கிற்று. சுர். டிங். கல்லைப் போலவே இருந்தது. இப்படியே எல்லாப் பையையும் ஒட்டினாள்.

"ஒரு ராத்திரி வச்சுப் பாக்கணுமே," என்றாள்.

"படகு உன் பைக்கு நிக்குமா? கட்டிக் குடு."

கொடுத்துவிட்டாள். அவன் போய்விட்டான்.

மறுநாள் விடிந்தது. சலேத் அலமாரியிலே நிறுத்தியிருந்த வீட்டுப் பையை எடுத்தாள். நேற்றுக் கல்லாக இருந்தது இன்று தலையணையாக இருந்தது.

வாளி நீரிலே பையை அமிழ்த்தி மெல்ல அழுத்தினாள். ஒட்டிய கோட்டின் வலது மூலையிலிருந்து புளுக்... புளுக்... என்று கடுகளவு குமிழிகள் எழுந்தன. முழங்கையின் பாரம் நடுவிலே இறங்கிற்று; மூலையிலே இறங்கவில்லை. மூலையிலே மயிரிழை இடைவெளி. வீட்டுப் பையிலே இருந்தால், படகுப் பைகளிலும் அதே மூலையிலே அதே இடைவெளி இருக்கும் அல்லவா?

"இருக்கும்."

இருக்கும். நடுக்கடலிலே அந்த மயிரிழை வழியாக ஈரம் புகுந்துகொண்டிருக்கும்.

துறைமுகத்திலே வயர்லெஸ் அறை ஒன்று இருந்தது. தொபியாஸ் என்பவர் அங்கே உட்கார்ந்து படகுகளோடு பேசுவார். அவர் பேசுவதை எல்லாப் படகும் கேட்கும். வாசலிலே நிற்கும் பெண்களும் கேட்பார்கள். அங்கே இரகசியம் என்று ஒன்று இல்லை. சலேத் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கே நடந்தாள். வாசலிலே மீன் தரகு பார்க்கும் பெண்கள் நின்றார்கள்.

"என்ன மைனி, புருசன் போயி ஈரம் காயல. அதுக்குள்ள குரல் கேக்கணுமாக்கும்?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

"சும்மா வந்தேன்," என்றாள் சலேத். திரும்பிவிட்டாள். அது முதல் நடை.

அடுத்த நாள் மறுபடியும் போனாள். பாதியைச் சொல்லலாம், மீதியை அவன் புரிந்துகொள்வான் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டு போனாள்.

"அண்ணே, கடலப் பையெல்லாம் சரியா ஒட்டல. பாத்துக்கிடச் சொல்லுங்க," என்றாள்.

தொபியாஸ் கருவியை வாயருகே பிடித்தார். கர்ர்ர்... கிர்ர்ர்... "ஏ இன்னாசி, பெர்க்மான்ஸ் வீட்டுக்காரி வந்திருக்கா. கடலை நமுத்துப் போயிருக்குமாம். ரொம்பக் கவல." அறை முழுவதும் சிரித்தது. கருவிக்குள்ளே படகும் சிரித்தது. அப்புறம் பெர்க்மான்ஸின் குரல் வந்தது. "கடலை நல்லாத்தான் இருக்கு சலேத்து. மொறுமொறுன்னு இருக்கு. நீ வீட்டுக்குப் போ."

நன்றாக இருந்ததா?

"இருந்திருக்காது."

இருந்திருக்காது. அவனுக்கும் அது தெரியும். தண்டல் காதிலே விழுந்தால் அடுத்த தங்கலுக்கு இடமில்லை என்பதால் அப்படிச் சொன்னான். அவளுக்கும் அது தெரியும். இருந்தும் அந்தக் குரல் இனிமையாக இருந்ததால், அதை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அது இரண்டாம் நடை.

அப்புறம் அவள் அலமாரிப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலிலே கடலை நமுத்தது. அப்புறம் மாத்திரை உப்பிற்று. அப்புறம் அதன் மேல்தோல் வெடித்தது. ஒரு நாள் காலையிலே பார்த்தால் கடலைகளுக்கு நடுவே சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியது போல வெள்ளையாக ஒழுகிக் கிடந்தது. அதைப் பார்த்த மாத்திரத்திலே அவள் எழுந்தாள். தலையை வாரவில்லை. கதவைச் சாத்தவில்லை. துறைமுகத்துக்கு ஓடினாள்.

வாசலிலே அதே பெண்கள் நின்றார்கள். "மைனி, இன்னிக்கு என்ன, முறுக்கா?" என்றாள் ஒருத்தி.

சலேத் அவளை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். "அண்ணே, அவருக்கு வலிப்பு இருக்கு. கலியாணத்துக்கு முன்னயிருந்தே இருக்கு. மாத்திர கடலைக்குள்ள இருந்துச்சு, கெட்டுப்போச்சு. அவரத் தண்ணி ஓரத்துல விடவேண்டான்னு சொல்லுங்க," என்றாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. வாசலிலே நின்றவள் தன் சேலைத் தலைப்பை வாயிலே வைத்துக்கொண்டாள்.

தொபியாஸ் கூப்பிட்டார். கர்ர்ர்... கர்ர்ர்... பதில் இல்லை. படகு மீனைத் தேடி எட்டாத தொலைவுக்குப் போய்விட்டது. ஆனால் கடலிலே ஒரு முறை உண்டு. எட்டாத படகுக்குச் செய்தி சொல்ல வேண்டுமானால், எட்டுகிற படகிலே சொல்வார்கள். அது அடுத்த படகுக்குச் சொல்லும். அது அதற்கு அடுத்ததற்குச் சொல்லும். தொபியாஸ் முதல் படகிலே சொன்னார்: "பெர்க்மான்ஸுக்கு வலிப்பு இருக்கு. மாத்திர கெட்டுப்போச்சு. தண்ணி ஓரத்துல விடாதீக." முதல் படகு இரண்டாம் படகுக்குச் சொல்லிற்று: "பெர்க்மான்ஸுக்கு வலிப்பு இருக்கு. மாத்திர கெட்டுப்போச்சு. தண்ணி ஓரத்துல விடாதீக." இரண்டாம் படகு மூன்றாம் படகுக்குச் சொல்லிற்று. மூன்றாம் படகு இன்னாசித் தண்டலின் படகுக்குச் சொல்லிற்று. யாருக்கும் தெரியக்கூடாது என்று அவள் காற்றுக்கூடப் புகாமல் ஒட்டி ஒட்டி வைத்தது, வாய் வாயாக, படகு படகாக, கடல் முழுவதும் போயிற்று. எந்தப் படகும் ஒரு சொல்லைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

சலேத் அந்த அறையின் சிமெண்டுத் தரையிலே உட்கார்ந்திருந்தாள். கோயிலிலே சாயங்கால மணி அடித்தது. டாண். டாண். வீட்டிலே எல்லா வாயும் திறந்து கிடந்தன. அவள் எழுந்து போகவில்லை.

அப்போது, போன வழியாகவே பதில் திரும்பி வந்தது. இன்னாசித் தண்டலின் படகு மூன்றாம் படகுக்கு. மூன்றாம் படகு இரண்டாம் படகுக்கு. இரண்டாம் படகு முதல் படகுக்கு. கிர்ர்ர்...

"சேதி கிடைச்சுது. நேத்தே போயிட்டான். வலை இழுக்கையில கண்ணு சொருகுச்சு. இரும்பு எங்க, இரும்பு எங்கன்னு தேடுனோம். திரும்புறதுக்குள்ள ஓரம் தாண்டிட்டான். தேடிக்கிட்டிருக்கோம்."

"தாத்தா, கிடைச்சாரா?"

இல்லையம்மா. எத்தனையோ படகுகள் மீனை விட்டுவிட்டு வந்து தேடின. வலை படகேறிற்று. அவன் ஏறவில்லை.

"ம்."

படகு கரை திரும்பிய அன்று இன்னாசித் தண்டல் அவள் வீட்டுக்கு வந்தார். பிரிக்காத கடலைப் பைகளை ஒரு துண்டிலே முடிந்து கொண்டுவந்திருந்தார். அதை அவள் முன்னே வைத்துவிட்டுச் சொன்னார்:

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவனச் சமையலுக்கு வச்சிருப்பேனேம்மா. அடுப்பு நடுவுல இருக்கு. அங்க விழுந்தா பலகையிலதான விழுவான். மாத்திரய எம் பெட்டிக்குள்ள பூட்டி வச்சிருப்பேன்."

"நீங்க எறக்கி விட்டிருப்பீக," என்றாள் சலேத்.

தண்டல் யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "விட்டிருப்பேனோ என்னமோ. இப்பக் கேட்டா விடமாட்டேன்னு தோணுது. அப்பக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேனோ," என்றார்.

அவர் போனபின் அவள் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் வலது மூலையிலே கோடு மங்கலாக இருந்தது. பெட்டியைத் திறந்து ரப்பர் வளையத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அழுத்திய இடம் எழும்பவில்லை. அழுத்தாத இடமும் எழும்பியிருக்கவில்லை. பிலோமிக்கு ஆள் அனுப்பிக் கேட்டாள்.

பிலோமி வந்து பார்த்தாள். "அக்கா, இத வைக்கையில மூடியப் பூட்டுவியா?"

"தினமும் பூட்டுவேன். அவர் கடல்ல இருக்காருல்லா."

பிலோமி தலை குனிந்தாள். "பூட்டவே கூடாதுக்கா. சும்மா சாத்தி, ஒரு விரல் திறந்தாப்ல வைக்கணும். இல்லன்னா அந்த ரப்பர் செத்துரும். நான் சொல்லாம விட்டுட்டேன்."

அவன் படகிலே தண்ணீர் புகக்கூடாது என்று அவள் மூடிய மூடி அது. விளங்குகிறதா? விளங்காவிட்டால் வேண்டாம். பெரியவளானபின் விளங்கட்டும்.

அவள் அந்தப் பெட்டியைக் கடலிலே எறிந்திருப்பாள் என்று எண்ணுகிறாயா? எறியவில்லை. புதிய வளையம் வாங்கினாள். பள்ளத்திலே அது முறுக்கிக்கொள்ளாமல் விரலாலே தடவித் தடவிப் பதித்தாள். அப்புறம் தண்டல் படகுக்கு மட்டுமல்ல, எல்லாப் படகுக்கும் பை ஒட்டினாள். கருவாடு ஒட்டினாள், பொடி ஒட்டினாள். ஒட்டிய பையை நீரிலே அமிழ்த்திப் பார்க்காமலும், ஓர் இரவு வைத்துப் பார்க்காமலும் எவருக்கும் கொடுக்கமாட்டாள். படகு நின்றாலும் சரி, போனாலும் சரி.

அடுத்த தங்கலுக்குப் படகு கிளம்புகையிலே ஒரு வலைக்காரன் கூட்டத்திலிருந்து விலகிவந்து, இன்னாசித் தண்டலின் காதோடு ஏதோ சொன்னான். அப்புறம் அவன் சமையலடுப்பின் பக்கம் போய் உட்கார்ந்தான். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. அவன் கையிலே எவரும் சாவியைக் கொடுக்கவுமில்லை.

இன்றைக்கும் அந்தக் கரையிலே சாயங்கால மணி அடித்தால், பெண்கள் பானையை மூடுவார்கள், ஜாடியை மூடுவார்கள், குடத்தை மூடுவார்கள். காற்றெடுக்கும் பெட்டி இருக்கிற வீட்டிலே மட்டும், அதன் மூடியை ஒரு விரல் திறந்தே வைப்பார்கள். உன் அம்மா அந்தக் கரையிலே பிறந்தவள். அதனால்தான் தட்டினாள்.

எங்கே எழுந்துவிட்டாய்?

"நான் பூட்டினது அப்படியே இருக்கா தாத்தா?"

போய்ப் பார்த்துவிட்டு வா. விளக்கைப் போட்டுக்கொண்டு போ. இரண்டு பக்கமும் இருக்கும் குமிழை அழுத்தினால் தானாகவே எழும்பும்.

டிக். டிக்.

எழும்பிற்றா?

"எழும்பிச்சு. ஒரு விரல்."

நல்லது. வந்து படு. கதை கரை சேர்ந்துவிட்டது. இனி நீ கண்ணை மூடலாம். அந்தப் பெட்டியை மட்டும் மூட வேண்டாம்.